வாயை மூடினால் வயிறு நிறையுமா?

பொழுது விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்றவர்களுக்கு நாம் சொல்லப் போவது புதிதல்ல. பெயர் கூப்பிட்டதும் ஒரு குரல் எழும்பும். அதன் பிறகு நிரைக்குப் போய், மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் வரையில், எத்தனையோ பேருக்கு வாய் திறக்க வேளையே வாய்ப்பதில்லை. அப்படித் தப்பித் தவறித் திறந்தாலும், “சும்மா இரு” என்ற ஒரு சொல் எங்கிருந்தாவது வந்து அதை மூடிவிடுகிறது.

இந்தச் சொல்லைப் பற்றித்தான் இவ்விதழில் எழுதப் புகுந்தோம். சம்பளத்தையும் வேலை நேரத்தையும் விட்டுவிட்டுச் சொல்லாராய்ச்சியில் இறங்கிவிட்டார்களே என்று அன்பர்கள் எண்ண வேண்டாம். சம்பளம் குறைவதற்கும் இந்தச் சொல்லுக்கும் உள்ள உறவு, மரத்துக்கும் வேருக்கும் உள்ள உறவாகும். மரத்தை நாள்தோறும் பார்க்கிறோம்; வேரை ஒரு நாளாவது தோண்டிப் பார்ப்போம்.

“பேசாதே” என்று சொல்வதற்கு நம்மவரிடம் உள்ள சொற்களை எண்ணிப் பாருங்கள். சும்மா இரு, கம்முனு கிட, கப்சிப், மூச்சு விடாதே, வாயைப் பொத்து, பொத்திக்கொண்டு போ, வாயை அடக்கு, நாக்கை அடக்கு! இவை போதாவென்று மலாய்க்காரரிடமிருந்து “டியாம்” என்ற சொல்லையும் கடன் வாங்கிக்கொண்டோம். வெள்ளைக்காரத் துரை தன் பங்குக்கு “ஷட் அப்” என்பதைக் கொடுத்துவிட்டுப் போனான். வாயை மூடச் சொல்ல இத்தனை சொற்களைச் சேர்த்து வைத்திருக்கும் நாம், “பேசு, பயப்படாதே” என்று ஒருவனை ஊக்குவிக்க எத்தனை சொற்களை வைத்திருக்கிறோம்? தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

பேசாதவனுக்கு நாம் வைக்கும் பட்டங்களும் பல. சாதுவாக இருந்தால் வாயில்லாப் பூச்சி. கேட்டதற்குப் பதில் சொல்லாவிட்டால் கல்லுளிமங்கன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் உம்மணாமூஞ்சி. உள்ளே ஒன்றை வைத்து மறைத்தால் அமுக்குணி. “வாயில் என்ன கொழுக்கட்டையா?” என்று கேலியும் செய்கிறோம். சரி, பேசுகிறவனையாவது போற்றுகிறோமா என்றால் அதுவும் இல்லை. அவனுக்கு வாய்க்கொழுப்பு, அவனுக்கு வாய் நீளம், அவன் எதிர்த்துப் பேசுகிறவன். பேசுகிறவர் பெண்ணாக இருந்துவிட்டால் ஒரே சொல்லில் தீர்த்துக் கட்டிவிடுகிறோம்: வாயாடி! வேலைக்காட்டில் ஆணுக்குச் சமமாக மரம் வெட்டும் பெண், நிறுவையில் குறை கண்டு கேட்டால் அவள் வாயாடியாம். அவளுக்கு அப்பட்டத்தைச் சூட்டியவர்கள் நிர்வாகத்தாரல்லர்; பக்கத்து வீட்டு நாமே!

“சும்மா” என்ற சொல்லைச் சற்றே நிறுத்திப் பார்ப்போம். சும்மா இரு என்றால் பேசாமல் இரு என்று பொருள். சும்மா இருக்கிறான் என்றால் வேலையில்லாமல் இருக்கிறான் என்று பொருள். சும்மா கொடுத்தான் என்றால் காசு வாங்காமல் கொடுத்தான் என்று பொருள். ஒரு தொழிலாளி முதலில் பேசாமல் இருக்கிறான். அதனால் தன் உழைப்பில் ஒரு பகுதியைக் காசு வாங்காமல் கொடுக்கிறான். கடைசியில் வேலையும் போய் வீட்டில் உட்காருகிறான். மூன்று பொருளும் ஒரே மனிதனின் வாழ்க்கையில் வரிசையாக வந்து முடிகின்றன. இதைவிடத் தெளிவாக ஒரு சொல் தன் விஷயத்தைத் தானே விளக்க முடியுமா?

இதை நாம் ஏட்டிலிருந்து எடுத்துச் சொல்லவில்லை. நாமே செய்த ஒரு பிழையிலிருந்து சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு தோட்டத்தில் நாம் கிராணியாக இருந்தோம். அங்கே பால் வெட்டிய ஓர் அம்மையாரை நாம் அக்கா என்றே அழைப்பது வழக்கம். முதல் நாள் பெய்த மழையில் மேட்டு நிரை வழுக்கலாக இருந்தது. விடியற்காலையில் வாளியோடு சறுக்கி விழுந்தார். வலக்கை மணிக்கட்டு வீங்கிவிட்டது. மண்டோர் அவரிடம், “என்னம்மா இது, சும்மா இரு, ஊரைக் கூட்டாதே. எழுதினா விசாரணை அது இதுன்னு வரும். ரெண்டு நாள் எண்ணெய் தேய்ச்சா சரியாப் போயிடும்” என்றார். பிறகு ஆபீசுக்கு வந்து நம்மிடம், “சார், உடம்பு சரியில்லைன்னு போட்டுடுங்க” என்றார்.

நாமும் அப்படியே போட்டோம்.

வேலையிடத்தில் விபத்து நடந்தால், அதை அறிந்த 48 மணி நேரத்திற்குள் பெர்க்கேசோ அலுவலகத்துக்கு முதலாளி தெரிவிக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது அவருடைய உரிமை என்பதும் தெரியும். தெரிந்தும், மண்டோர் மனம் நோகக் கூடாது, மானேஜர் முகம் சுளிக்கக் கூடாது, நமக்கேன் வம்பு என்று பேனாவைச் சாய்த்தோம். வாய் பேசாமல் இருப்பது ஒரு வகை மௌனம். தெரிந்ததை எழுதாமல் விடுவது கிராணியின் மௌனம். முன்னதைவிடப் பின்னது கொடியது என்பதை நாம் பிறகுதான் உணர்ந்தோம்.

எண்ணெய் தேய்த்துக் கை சரியாகவில்லை. எலும்பில் முறிவு. மாதக் கணக்கில் உளி பிடிக்க முடியவில்லை. விபத்துக்குரிய உதவித் தொகையைக் கேட்கப் போனபோது, “செக்ரோலில் உடம்பு சரியில்லை என்றுதானே இருக்கிறது?” என்று கேள்வி பிறந்தது. அந்த வரி நம் கையெழுத்து. கிளைச் செயலாளரோடு நாமும் சேர்ந்து, நடந்ததை நடந்தபடி எழுதிக் கையொப்பமிட்டோம். சாட்சி வேண்டுமே என்றபோது நம்மவர் பலர் தலையைச் சொறிந்தார்கள். பக்கத்து நிரையில் வேலை செய்த இந்தோனேசியத் தொழிலாளி ஒருவர், யாரும் கேட்காமலே முன்வந்து, “அவர் விழுந்ததை நான் பார்த்தேன்” என்று மலாயில் சொன்னார். தமிழ் அறியாத அந்த மனிதர் பேசினார். தமிழ் அறிந்த நாம் அத்தனை நாளும் பேசவில்லை. பல மாதம் அலைந்த பிறகு தொகை கிடைத்தது. கை பழையபடி மீளவில்லை.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்கச் சென்றோம். அவர் சத்தம் போடவில்லை. “தம்பி, நான் பேசலை, எனக்குச் சட்டம் தெரியாது. உங்களுக்குத் தெரியும், நீங்களும் பேசலையே?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றளவும் நம்மிடம் பதில் கிடையாது. இத்தலையங்கம் அதற்கு ஒரு சிறு பரிகாரம் என்றே கொள்க.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது நம்மவர் வழக்கு. கலியாணப் பேச்சில் அது அழகாக இருக்கலாம். தொழில் விவகாரத்தில் அது கழுத்தறுப்பு. ஒரு தொழிலாளியை நியாயமின்றி வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1967-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம் 20-ஆம் பிரிவின்படி, நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தொழில் உறவுத் துறைக்கு மனுச் செய்துகொள்ள வேண்டும். அறுபதாம் நாள் கடந்தால் மனுவை ஏற்க மாட்டார்கள். “மானேஜர் நல்லவர், கோபம் தணிந்தால் திரும்பக் கூப்பிடுவார்”, “பேசினால் வீட்டையும் காலி பண்ணச் சொல்வார்கள்”, “தீபாவளி போகட்டும், பார்க்கலாம்” என்று கம்மென்று இருந்தவர்கள், 61-ஆம் நாள் சங்க வாசற்படி ஏறினால் செயலாளர் என்ன செய்ய முடியும்? நீ வாய் மூடியிருந்த நாட்களையும் சட்டம் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது என்பதை ஒவ்வொரு தோழரும் மனத்தில் பதிக்க வேண்டும்.

“பேசினால் பழி வாங்குவார்களே!” என்ற அச்சம் நியாயமானது, அதை நாம் எள்ளி நகையாட மாட்டோம். பிள்ளை குட்டிகளோடு தோட்ட வீட்டில் குடியிருப்பவனுக்கு வேலை போனால் கூரையும் போகும். ஆனால், அந்த அச்சத்தை மனத்தில் கொண்டே சில காப்புகள் சட்டத்தில் ஏற்பட்டிருக்கின்றன. சங்கத்தில் சேர்ந்ததற்காகவோ, சங்க வேலை செய்ததற்காகவோ ஒருவரைப் பழி வாங்குவதைத் தொழில் உறவுச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு தடுக்கிறது. வேலையிடத்தில் ஆபத்து உண்டு என்று முறையிட்டதற்காக ஒருவரை நீக்குவதை 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தடுக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் என்ற உத்தரவு 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி நடப்புக்கு வந்தபோது, எடைக் கணக்கில் கூலி வாங்குவோரையும் அது விட்டுவிடவில்லை. ஆயினும் இச்சட்டங்கள் பெட்டியில் வைத்த குடை போன்றவை. மழையில் நனைகிறவன் எடுத்து விரித்தாலொழியக் குடை தானாக வந்து பிடிக்காது.

இக்குடைகளை நமக்கு யார் வாங்கித் தந்தார்கள்? பேசியவர்கள் வாங்கித் தந்தார்கள்.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் வேலை நிறுத்தம் செய்தனர். அவர்களுடைய கோரிக்கைகளை இன்று படித்தாலும் மயிர்க்கூச்செறிகிறது. கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் கேட்டார்கள். குறை சொல்ல முன்வருகிறவர்களைப் பழி வாங்கக் கூடாது என்று கேட்டார்கள். பெண்களை மானபங்கம் செய்வது நிற்க வேண்டும் என்று கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடு என்று கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். அவர்களுக்குத் துணை நின்ற ஆர். எச். நாதன் அவ்வாண்டு மே மாதம் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். துருப்புகள் வந்தன, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் உயிர் துறந்தனர். ஒரு வாயை மூடப் பட்டாளமே தேவைப்பட்டது என்றால் அந்த வாயின் வலிமை எத்தகையது! இன்று நம் வாயை மூட ஒரு மண்டோரின் “சும்மா இரு” போதுமானதாக இருக்கிறதே, இது வெட்கமல்லவா?

பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரம் சாட்சி சொல்கிறது. களைக்கொல்லி மருந்து அடித்த பெண்களை நினைத்துப் பாருங்கள். முதுகில் டப்பாவைச் சுமந்து, பாராகுவாட் என்னும் நஞ்சைத் தெளித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நகம் கெட்டது, தோல் அரித்தது, மூக்கில் இரத்தம் வந்தது. “மருந்துச் சூடு, மோர் குடி” என்று சொல்லி அனுப்பப்பட்டவர் எத்தனை பேரோ! 2002-ஆம் ஆண்டு தெனாகனிதா அமைப்பு அப்பெண்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்நூலுக்கு அவர்கள் இட்ட பெயரின் பொருள், நஞ்சூட்டப்பட்டோர், வாயடைக்கப்பட்டோர் என்பதாகும். நஞ்சோடு மௌனத்தையும் சேர்த்துச் சொன்னது எவ்வளவு பொருத்தம்! அதே 2002-ஆம் ஆண்டு அம்மருந்தைத் தடை செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. 2006-ஆம் ஆண்டு தடை தளர்ந்தது. முடிவாக 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிதான் முழுத் தடை வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்நஞ்சைச் சுவாசித்த நுரையீரல்களுக்கு யார் கணக்குச் சொல்வது?

இவ்வளவு சொன்னபிறகு, நாம் எல்லா மௌனத்துக்கும் பகைவரோ என்று சிலர் கேட்கலாம். இல்லை. மலாய்க்காரரிடம் ஒரு பழமொழி உண்டு: “டியாம் ஊபி பெரிசி, டியாம் பெசி பெர்காராட்.” கிழங்கும் சும்மா இருக்கிறது, இரும்பும் சும்மா இருக்கிறது, சும்மா இருக்கும் கிழங்கு மண்ணுக்குள் பருக்கிறது, சும்மா இருக்கும் இரும்பு துருவேறுகிறது என்பது அதன் பொருள். நம் “சும்மா இரு”வைப் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

அடுத்த வீட்டுச் சண்டையைக் கடைத்தெருவில் பரப்பாமல் இருப்பது கிழங்கின் மௌனம். ஒருவர் தம் கடனையோ கண்ணீரையோ நம்மிடம் சொல்லும்போது அதைக் காதோடு வைத்துக்கொள்வது கிழங்கின் மௌனம். பேச்சுவார்த்தைக்கு முன் செயற்குழு எடுத்த முடிவைக் கள்ளுக்கடையில் உளறாமல் இருப்பதும் அதுவே. இவற்றில் உள்ளே ஏதோ ஒன்று விளைகிறது. ஆனால், நிறுவையில் குறைவதைப் பார்த்தும் பாராமல் இருப்பதும், சம்பளச் சீட்டில் புரியாத பிடித்தத்தைக் கேட்காமல் இருப்பதும், ஒரு பெண்ணிடம் ஒருவன் தகாத முறையில் நடப்பதைக் கண்டும் காணாமல் போவதும் இரும்பின் மௌனம். அதில் எதுவும் விளைவதில்லை. நம் முதுகெலும்புதான் துருப்பிடிக்கிறது. மௌனமாக இருக்கும்போதெல்லாம் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: நாம் இப்போது கிழங்கா, இரும்பா?

இக்கேள்வியைச் சங்கத்துக்குள்ளும் கேட்காமல் விடுவது நேர்மையாகாது. கிளைக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கிறோம். “ஆட்சேபணை உண்டா?” என்று கேட்கிறோம். ஒருவரும் வாய் திறப்பதில்லை. “ஏகமனதாக நிறைவேறியது” என்று எழுதிவிடுகிறோம். அது ஏகமனதா, ஏக மௌனமா? கூட்டம் முடிந்து சைக்கிள் கொட்டகைக்கு வந்த பிறகு பார்த்தால் எல்லாருக்கும் வாய் முளைத்திருக்கும்! கேள்வி கேட்ட இளைஞனை, “நேத்து வந்தவன், உனக்கென்ன தெரியும், சும்மா இருப்பா” என்று அடக்கும் தலைவர்களும் நம்மிடையே உண்டு. நிர்வாகம் சொன்னால் அடக்குமுறை, நாம் சொன்னால் ஒழுங்குமுறையா? சங்கத்தில் பேசப் பழகாதவன் ஆபீஸ் மேசைக்கு முன் எப்படிப் பேசுவான்? தலைவர்கள் கேள்விக்கு அஞ்சக் கூடாது. உறுப்பினர் கேட்க வெட்கப்படக் கூடாது.

கிராணிமாருக்கும் ஒரு சொல். நாம் நடுவில் நிற்பவர்கள். மேலிருந்து வருவதைக் கீழே சொல்கிறோம். கீழிருந்து வருவதை மேலே சொல்லும்போதுதான் நமக்குத் தொண்டை அடைக்கிறது. வாயை அடைக்கக் கொடுக்கும் இலஞ்சத்தைக்கூட நம்மவர் வாய்க்கரிசி என்பார்கள். அரிசி வாயில் விழுந்தால் பேச்சு நிற்கும், உண்மை. ஆனால் பிணத்துக்கு இடுவதும் அந்த வாய்க்கரிசிதான் என்பதை மறக்க வேண்டாம். நாம் எழுதும் ஒரு வரி ஒரு குடும்பத்தின் சோறு. நடந்ததை நடந்தபடி எழுதுவோம். அவ்வளவு போதும், அதுவே பெரிய தொண்டு.

பேசுவது என்றால் கத்துவதன்று. ஸ்டோர் வாசலில் கோபத்தில் உதிர்க்கும் ஒரு கெட்ட வார்த்தை, நியாயமான பத்துக் குறைகளைக் கெடுத்துவிடும். எனவே சில முறைகளைச் சொல்கிறோம். எது நடந்தாலும் நாள், நேரம், இடம், உடனிருந்தவர் பெயர் ஆகிய நான்கையும் அன்றே ஒரு தாளில் குறித்து வையுங்கள். எழுதத் தெரியாதவர் பள்ளியில் படிக்கும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். அடிபட்டால் எண்ணெய்க் குப்பியைத் தேடுமுன் மருந்தகத்துக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள். எந்தத் தாளிலும் படித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். தனியாகப் போகாமல் கிளைத் தலைவரை அழைத்துக்கொண்டு போங்கள். கேட்ட கேள்விக்குப் பதிலை எழுத்தில் கேளுங்கள். பக்கத்து நிரையில் இருப்பவர் எந்த நாட்டவராயினும் அவரையும் உங்கள் சாட்சியாக எண்ணுங்கள். அவருக்கு நீங்கள் சாட்சியாக நில்லுங்கள்.

அழுகிற பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். தோட்டத்தில் நாம் பாலை வெட்டி வெட்டி ஊருக்கெல்லாம் கொடுத்தவர்கள். ரப்பர் மரம்கூட உளி பட்டால் சும்மா இருப்பதில்லை; தன் காயத்தை வெள்ளைப் பாலாக வடித்து உலகுக்குக் காட்டிவிடுகிறது. மனிதராய்ப் பிறந்த நாம் மரத்தைவிட வாயற்றவர்களா?

அடுத்த முறை எவரேனும் “சும்மா இரு” என்று சொன்னால், “சும்மா எதற்கு இருக்க வேண்டும்?” என்று மரியாதையாகத் திருப்பிக் கேளுங்கள். அதற்குத் தக்க காரணம் சொன்னால் கேட்டு நடப்போம். காரணம் இல்லையென்றால் பேசுவோம். ஒருவராகப் பேசாமல் ஒன்றாகப் பேசுவோம். ஒரு குரலை மூட ஒரு கை போதும்; எல்லாக் குரலையும் மூட எந்தக் கையாலும் இயலாது.